கொணவட்டம் பாய் கடை: சிக்னலுக்குச் சிக்னல் அணைந்துபோன என் வண்டிக்குக் காரணம் கண்டுபிடித்த இடம்

பார்ட் எதையும் மாற்றாமல், என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்ல மட்டும் 500 ரூபாய் என்று அந்தக் கடையில் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அதற்கு முன்னால் போன மூன்று இடங்களிலும் "பார்க்கிறதுக்கு எதுக்கு மேடம் காசு" என்றார்கள், அந்த மூன்று இடங்களிலும் சேர்த்து நான் கொடுத்தது 14,200 ரூபாய், வண்டி அப்படியேதான் இருந்தது. அதனால் இந்த விமர்சனத்தை அந்த 500 ரூபாயிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வண்டிக்கு ஆறு மாதத்தில் நான் செலவழித்ததில் உருப்படியான முதல் பணம் அதுதான்.

கடை வேலூர் கொணவட்டத்தில், பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. போர்டு கிடையாது. தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கிற இடம், முன்னால் ஒரு வேப்பமரம். நடத்துகிறவர் அறுபதை ஒட்டிய ஒரு பாய், கூட ஒரே ஒரு பையன். பெயரைப் போடலாமா என்று கேட்டேன், வேண்டாம்மா, இருக்கிற வண்டியையே முடிக்க முடியல என்றார். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று வண்டிதான் எடுக்கிறார். அவர் சொன்னதை மதித்துப் பெயரையும் நம்பரையும் விட்டுவிடுகிறேன், கொணவட்டத்தில் "ஸ்கேனர் பாய் கடை" என்று லாரிக்காரர்கள் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

என் வண்டி 2014 மாடல், ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். மூன்று வருடத்துக்கு முன் இரண்டாம் கையாக வாங்கியது. கே.வி.குப்பத்திலிருந்து லத்தேரி, காட்பாடி, பாலாற்றுப் பாலம் வழியாக வேலூருக்குத் தினமும் வருகிறேன், மாதம் ஒருமுறை அம்மாவை சி.எம்.சி.க்குச் செக்கப்புக்கு அழைத்து வருகிறேன். போன வருடம் மழை விட்ட பிறகு ஆரம்பித்தது இந்தத் தொல்லை. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நிறுத்தினால்தான் ஆட்டம். ஸ்டியரிங் நடுங்கும், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் 600க்கும் 1,000க்கும் நடுவில் ஊசலாடும், அப்புறம் ஒரு இருமல் மாதிரி இருமிவிட்டு இன்ஜின் அடங்கிவிடும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்காது, ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் தான் எழும். கிரீன் சர்க்கிளில் பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, பக்கத்தில் அம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வண்டி எழாமல் நின்ற அந்த இரண்டு நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். இன்னொரு நாள் பாலாற்றுப் பாலத்தின் நடுவில், மே மாத வெயில், மதியம் ஒரு மணி. அன்றைக்கு அம்மா "இனிமே பஸ்ஸுலயே போலாம்மா" என்று சொன்னது தான் எனக்கு வலித்தது. முட்டி தேய்ந்த மனுஷி, பஸ் படி ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

போன மூன்று இடங்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். முதல் இடத்தில் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றி, இன்ஜினுக்குக் காற்று போகிற வாயான த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார்கள், 2,900. நாலு நாள் நன்றாக ஓடியது, ஐந்தாம் நாள் பழைய கதை. இரண்டாம் இடம் கொஞ்சம் பெரியது, கண்ணாடி ஆபீஸ் எல்லாம் உண்டு. அங்கே முதலில் சொன்னது "மேடம், நீங்க க்ளட்ச் சீக்கிரம் விடுறீங்க" என்று. நியூட்ரலில் நிற்கிற வண்டி அணைவதற்கும் க்ளட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும் பேச்சை மாற்றி, ஐடில் மோட்டார் போய்விட்டது என்று புதிதாகப் போட்டு 4,800 வாங்கினார்கள். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் இன்ஜின் தானாக ஓடுவதை ஐடிலிங் என்பார்கள், அந்த நேரத்தில் இன்ஜினுக்குப் போகிற காற்றை அளந்து விடுகிற சின்ன மோட்டார் அது. அதற்கும் நாலைந்து நாள் நன்றாக ஓடி, அப்புறம் பழையபடி. மூன்றாம் இடத்தில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் போட்டார்கள், பி0172 என்று கோளாறைக் குறிக்கிற ஒரு கோடு (code) வந்தது, ஆக்ஸிஜன் சென்ஸார் என்று சொல்லி 6,500. அதுவும் நாலைந்து நாள்தான்.

ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் சரியாகிவிடுகிறது, இதைக் கவனியுங்கள். அதனால்தான் நான் ஒவ்வொரு இடத்திலும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன், அடுத்த இடத்தில் "முந்தைய ஆள் போட்ட பார்ட் மட்டம்" என்று சொன்னதையும் நம்பினேன். இந்தக் கொஞ்ச நாள் எங்கிருந்து வந்தது என்பதுதான் பாய் கடையில் முதலில் அவிழ்ந்த முடிச்சு, அதுவும் ஸ்பேனர் எடுக்காமலே அவிழ்ந்தது.

நான் போன அன்று பாய் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லி, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். காலையில் முதல் ஸ்டார்ட் எப்படி? சூடான பிறகா, சூடாகும் முன்னாலா? ஏசி போட்டால் அதிகமாகுதா? பிரேக் மிதிக்கிறப்போ ஐடிலிங் மாறுதா? லைட் போட்டால்? பெட்ரோல் வாசனை உள்ளே வருதா? ஓடுறப்போ இழுவை குறையுதா? எல்லாமே எழுதிக்கொண்டார். பிரேக் கேள்வி எதற்கு என்று கேட்டேன், பிரேக் பூஸ்டருக்கு இன்ஜினிலிருந்து ஒரு குழாயில் வேக்கம், அதாவது உறிஞ்சுற இழுவை, போகுது, அங்கே லீக் இருந்தால் பிரேக் மிதிக்கிறப்போ ஐடிலிங் மாறும், உன் வண்டியில் மாறலைன்னா அந்தப் பக்கம் நான் போக வேண்டாம், அவ்வளவுதாம்மா என்றார். அடுத்து கேட்டார், "வாரத்துல எந்த நாள் ரொம்ப மோசம்?"

இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் திங்கள், செவ்வாய். வெள்ளிக்கிழமை வாக்கில் வண்டி தங்கமாக இருக்கும். "பெட்ரோல் என்னைக்குப் போடுறே?" ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வாரத்துக்கு ஒருமுறை, ஃபுல் டேங்க். பாய் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மூன்று ஒர்க்‌ஷாப்புக்கும் நான் வண்டியைக் கொண்டுபோனது வார நடுவில், மெக்கானிக் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது டேங்க் பாதிக்குக் கீழே, அடுத்த ஃபுல் டேங்க் வரைக்கும் வண்டி தானாகவே நன்றாக ஓடியிருக்கிறது. அதற்கான பேரை பிளக்கும் மோட்டாரும் சென்ஸாரும் வாங்கிக்கொண்டன.

"போய் எப்பவும் போடுற மாதிரியே ஃபுல் டேங்க் போட்டுட்டு நேரா இங்க வா, ராத்திரி வண்டி இங்கேயே நிக்கட்டும், காலைல நான் சாவி போடுற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றார். கோளாறு தெரிகிற நிலையில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்கிற இந்த ஒரு எண்ணமே மற்ற இடங்களில் இல்லாமல் போனது. நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்தி வைத்து எதைக் கண்டுபிடிக்க முடியும்?

மறுநாள் காலை ஏழு மணிக்கு நானும் போய் நின்றேன். பக்கத்தில் நின்று பார்க்கவிடுகிறார், கேட்டால் சொல்கிறார், இது இந்தக் கடையின் பெரிய குணம். முதலில் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், ஸ்கேனரில் இரண்டு வெப்பநிலையைப் பார்த்தார், இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட்டின் சென்ஸார் ஒன்று, உள்ளே போகிற காற்றின் சென்ஸார் ஒன்று. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும், 27, 28 என்று காட்டியது, சரி. கூலன்ட் சென்ஸார் பொய் சொன்னால், சூடான இன்ஜினைக் குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றும், அதனால் தான் அதை முதலில் விலக்க வேண்டும் என்றார். அப்புறம் இன்ஜினுக்குப் போகிற வழியில் காற்றின் அழுத்தத்தை அளக்கிற மேப் சென்ஸார். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும், நம் ஊரில் 100 கிலோ பாஸ்கலை ஒட்டி வரும், 98 வந்தது, அதுவும் சரி. இரண்டு சென்ஸார், இரண்டு நிமிடம், ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றவில்லை.

ஸ்டார்ட் செய்தார். முதல் ஐந்து நிமிடம் ஆட்டம் லேசாகத்தான் இருந்தது. சூடு ஏற ஏற ஆரம்பித்தது, ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்ததும் பாய் முகத்தில் ஒரு சந்தோஷம், "வந்துட்டான் பாரு" என்றார். சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார், மூன்றிலும் ஆர்பிஎம் ஒரே மாதிரி இறங்கியது, ஆக ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாமல் கிடக்கிற கேஸ் இல்லை. பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கிற காயிலைப் பிடுங்காமல் இன்ஜெக்டரைப் பிடுங்கியதற்குக் காரணம் சொன்னார், காயிலைப் பிடுங்கினால் எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். இது தெரியாமல் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிறவர்களைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தான் முக்கியம். ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் என்று ஒரு எண் இருக்கிறது. சைலன்ஸர் வழியில் இருக்கிற ஆக்ஸிஜன் சென்ஸார் "பெட்ரோல் கூடிப்போச்சு" அல்லது "குறைஞ்சுபோச்சு" என்று சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரத்தைக் கூட்டிக் குறைக்கும், அந்தக் கூட்டல் கழித்தலைச் சதவீதமாகக் காட்டுகிற எண். நல்ல வண்டியில் பூஜ்யத்தை ஒட்டி ஐந்துக்குள் ஆடிக்கொண்டிருக்கும். என் வண்டியில் ஐடிலிங்கில் மைனஸ் 24. அதாவது கம்ப்யூட்டர் தன்னால் முடிந்த மட்டும் பெட்ரோலைக் குறைத்துவிட்டது, அப்படியும் கூடுதலாகவே எரிகிறது. பாய் ஆக்ஸிலேட்டரை அழுத்தி 2,500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனார், எண் மைனஸ் 5க்கு வந்துவிட்டது, இன்ஜினும் சீராகிவிட்டது. காலை எடுத்தார், திரும்ப மைனஸ் 22, 24, ஆட்டம், இருமல், அடங்கியது.

இதை வைத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. "எங்கிருந்தோ கணக்கில் வராத பெட்ரோல் உள்ளே வருது. அளவு கம்மி, ஆனா எப்பவும் வருது. வேகமா ஓடுறப்போ இன்ஜின் நிறையக் காத்தை இழுக்குது, அதுல இது ஒரு சிட்டிகை உப்பு. ஐடிலிங்ல இன்ஜின் குடிக்கிறதே ஒரு டம்ளர், அதுல அதே சிட்டிகையைப் போட்டா உப்புக் கரிக்கும்." பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று எடைக்கணக்கில் வேண்டும், அந்தக் கணக்கு ஓரளவுக்கு மேல் தப்பினால் நெருப்பே பிடிக்காது. அதனால் தான் இருமல், அதனால் தான் அடங்குகிறது, அதனால் தான் ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கூடுதலாகக் காற்றைத் திறந்துவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. ஆறு மாதமாக எனக்கு விளங்காத அத்தனையும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்தன.

அப்படியானால் பி0172? அந்தக் கோடின் பொருளே "பெட்ரோல் கூடிப்போச்சு" என்பதுதான், எதனால் கூடியது என்று அது சொல்லாது. ஆக்ஸிஜன் சென்ஸார் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது, மூன்றாம் இடத்தில் அதையே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். காய்ச்சல் காட்டுதுன்னு தர்மாமீட்டரை மாத்துவாங்களா என்றார் பாய். பழைய சென்ஸாரை நான் வாங்கி வைத்திருக்கவில்லை, வைத்திருந்தால் அதையே திரும்ப மாட்டியிருக்கலாமாம். கழற்றுகிற பழைய பார்ட் எதையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கில் வராத பெட்ரோல் வர மூன்று வழி என்று விரல் மடக்கினார். ஒழுகுகிற இன்ஜெக்டர், பெட்ரோல் பிரஷர் எகிறியிருப்பது, பர்ஜ் வால்வு. பிரஷர் கேஜ் மாட்டினார், 3 பார் பக்கத்தில் அசையாமல் நின்றது, இன்ஜினை அணைத்த பிறகும் உடனே இறங்கவில்லை. ஆக முதல் இரண்டும் போயின. மூன்றாவது தான் டேங்க் நிரப்புவதோடு சேர்கிறது என்று அவருக்கு நேற்றே தோன்றியிருக்கிறது, ஆனாலும் மற்ற இரண்டையும் பார்க்காமல் அதைத் தொடவில்லை.

பர்ஜ் வால்வு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, என்னைப் போலத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் டேங்கில் எப்போதும் ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும், நம் வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி வெளியே போய்க் காற்றைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகக் கேனிஸ்டர் என்று ஒரு டப்பா, உள்ளே கரித்துண்டுகள், ஆவியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் இந்த வால்வைத் திறந்து திறந்து மூடி, கரியில் இருக்கிற ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினுக்குக் கொடுத்து எரித்துவிடும். கரன்ட் போகாத நேரத்தில் வால்வு மூடியே இருக்க வேண்டும், அதுதான் விதி.

பாய் வால்வின் கனெக்டரைக் கழற்றினார், ஆட்டம் நிற்கவில்லை. கேனிஸ்டர் பக்கத்துக் குழாயை வால்விலிருந்து உருவிவிட்டு "விரலை வைம்மா" என்றார். வைத்தேன், விரல் நுனியைச் சப்பென்று இழுத்தது. கரன்ட்டே இல்லாத வால்வு, மூடியிருக்க வேண்டியது, இழுக்கிறது. இன்ஜின் பக்கத்துக் குழாயை ஒரு துணி சுற்றி நோஸ் பிளையரால் நசுக்கிப் பிடித்தார், அவ்வளவுதான், இரண்டு மூன்று வினாடி தடுமாறிவிட்டு இன்ஜின் அமைதியானது. ஸ்டியரிங்கில் நடுக்கமே இல்லை. எண் மைனஸ் 24லிருந்து இறங்கி இறங்கி மைனஸ் 4க்கு வந்தது. பிளையரை விட்டார், ஆட்டம் வந்தது. பிடித்தார், போனது. மூன்று முறை செய்து காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே சொல்கிறேன், ஆறு மாதமும் 14,200 ரூபாயும் அம்மாவின் பயமும் ஒரு பிளையர் நுனியில் நின்றுகொண்டிருந்தது.

இதோடு வால்வை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் கூட நான் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் வால்வைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் தட்டினார், கறுப்பாக மணல் மாதிரி விழுந்தது. கேனிஸ்டருக்குள் இருக்கிற கரி உடைந்து வந்து வால்வின் வாயில் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் மூட முடியவில்லை. புது வால்வைப் போட்டால் ரெண்டு மாசத்துல அதையும் இதே கரி அடைக்கும், அப்புறம் நீ என்னைத் திட்டுவே, கேனிஸ்டரும் மாத்தணும், செலவுதான், வேணாம்னா வால்வை மட்டும் போடுறேன், யோசிச்சுச் சொல்லு என்றார். இரண்டையும் போடச் சொன்னேன். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்து, ஆயிலில் பெட்ரோல் வாசனை வருகிறது என்று என்னிடமும் நீட்டினார், வந்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரோடு வழிந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கிறது, அதையும் மாற்றினோம். பிளக்குகளில் அப்பியிருந்த கரியைச் சுத்தம் செய்து அவற்றையே திரும்பப் போட்டார், புது பிளக் விற்கவில்லை.

கேனிஸ்டர் எதனால் கெட்டது? இதுதான் இந்த விமர்சனத்தைப் படிக்கிற எல்லோருக்கும் வேண்டியது. பங்கில் பெட்ரோல் போடும்போது டேங்க் நிறைந்ததும் துப்பாக்கி தானாகக் கட் ஆகும். அப்புறம் "மேடம், 2,000 ரவுண்டா போட்டுடட்டுமா" என்பார்கள், நான் மூன்று வருடமும் சரி என்று தலையாட்டியிருக்கிறேன், சில்லறைத் தொல்லை இல்லை என்று. கட் ஆன பிறகு போகிற பெட்ரோல் ஆவிக்கென்று டேங்கில் விட்டிருக்கிற இடத்தை நிரப்பிவிட்டு, ஆவி போக வேண்டிய வழியில் திரவமாகவே ஏறிக் கேனிஸ்டருக்குப் போகலாம். ஆவியை மட்டும் பிடிக்கிற கரி பெட்ரோலில் ஊறினால் நாளடைவில் கெட்டு உடையும். வால்வும் திறந்தே கிடந்ததால், டேங்க் நிரம்பிய முதல் இரண்டு நாள் அந்த ஊறிய கரியிலிருந்து ஆவி நேராக ஐடிலிங்கில் இருக்கிற இன்ஜினுக்குப் போயிருக்கிறது, டேங்க் காலியாகி, கரி கொஞ்சம் காய்ந்த பிறகு குறைந்திருக்கிறது. திங்கள் மோசம், வெள்ளி தங்கம். முதல் கட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள், 1,870 என்று வந்தால் 1,870 கொடுங்கள்.

பில்: பார்த்ததற்கு 500, வால்வு 1,450, கேனிஸ்டர் 2,600, ஆயிலும் ஃபில்டரும் 2,300, கூலி 900. மொத்தம் 7,750. முதல் மூன்று இடத்துக் கணக்கில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் இதில் ஒரு ரூபாய் கூட ஊகத்துக்குப் போகவில்லை. பார்ப்பதற்குக் காசு வாங்காத கடை எப்படிப் பிழைக்கும் என்று இப்போது யோசிக்கிறேன், பார்ட் விற்றுத்தான் பிழைக்க வேண்டும், அப்படி இருக்கும்போது கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் யார் உட்காருவார்கள்? பாயின் 500 ரூபாய் அவருடைய நேரத்துக்கு, அதை வாங்கிக்கொள்வதால் அவருக்கு எந்தப் பார்ட்டையும் என் தலையில் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிற நாம் மெக்கானிக்குக் கொடுக்க யோசிப்பது சரியில்லை என்று தான் எனக்குப் படுகிறது.

இனி குறைகள், இருக்கின்றன. கேனிஸ்டர் சென்னையிலிருந்து வர இரண்டு நாள் ஆனது, அதுவரை வண்டி அங்கேயே. கார் இல்லாமல் கே.வி.குப்பத்துக்கும் வேலூருக்கும் பஸ்ஸில் அலைந்தேன். போன் பண்ணினால் எடுப்பதில்லை, கையில் கிரீஸ், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தான் திரும்பக் கூப்பிடுகிறார். காத்திருக்க நிழலும் ஒரு ஸ்டூலும் மட்டும், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, இது பெரிய குறை, நான் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டுத்தான் போனேன், அவர்கள் தேங்காய்த் தண்ணீர் கொடுத்து அனுப்பினது வேறு விஷயம். அச்சடித்த பில் கிடையாது, நோட்டுத் தாளில் பார்ட் நம்பரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார், ஆபீஸில் பில் காட்டிப் பணம் வாங்குகிறவர்களுக்கு இது உதவாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலையை அவர் எடுப்பதில்லை, தெரியாது என்று நேராகவே சொல்லிவிடுகிறார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் தொழுகை, மூன்று மணி வரை கடையில் யாரும் இல்லை. ஏசி போட்ட வரவேற்பறையும் காபியும் வேண்டும் என்பவர்கள் அங்கே போய்ச் சங்கடப்பட வேண்டாம்.

இன்னொன்று, பேசுகிற விதம். பெண் ஓட்டி வருகிறாள் என்பதற்காகப் பின்னால் புருஷன் வருகிறாரா, அண்ணன் வருகிறாரா என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. விளக்கத்தை என்னிடமே சொன்னார், விரலை என்னையே வைக்கச் சொன்னார். இரண்டாம் இடத்தில் க்ளட்சைப் பற்றிப் பாடம் கேட்டுவிட்டு வந்த எனக்கு இது சாதாரண விஷயமில்லை.

ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன். வாங்கு, ஆனா கோடு நம்பரை மட்டும் பார்த்துட்டு பார்ட் வாங்கக் கடைக்கு ஓடாதே என்றார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சாக்கெட்டில் மாட்டுகிற இஎல்எம்327 வகை அடாப்டர் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன், போனில் ஆப் போட்டு வாரம் ஒருமுறை ஃபியூயல் ட்ரிம் பார்க்கிறேன். சில சமயம் இணைப்பு அறுந்துபோகிறது, எண் வர ஒன்றிரண்டு வினாடி தாமதம், மற்றபடி இந்தக் காசுக்குப் போதும். மைனஸ் 2, பிளஸ் 3 என்று ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. சாக்கெட்டிலேயே விட்டுவைக்காமல் கழற்றி வைக்கச் சொன்னார், நாள் கணக்கில் நிற்கிற வண்டியில் அது பேட்டரியைக் குடிக்கும்.

வேலை முடிந்து நான்கு மாதம் ஆகிறது, 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு முறை கூட அணையவில்லை. கிரீன் சர்க்கிளில் ஏசியோடு ஐந்து நிமிடம் நின்றாலும் முள் அசையவில்லை, ஞாயிறு ஃபுல் டேங்க் போட்ட மறுநாளும் அப்படித்தான். மைலேஜ் 14லிருந்து 18க்கு வந்திருக்கிறது. போன வாரம் அம்மாவை சி.எம்.சி.க்கு அழைத்துப் போனேன், திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தில் நெரிசல், அரை மணி நேரம் ஊர்ந்தோம். அம்மா காட்பாடி வரும் வரை தூங்கிக்கொண்டே வந்தார்.

போகிறவர்களுக்கு: திங்கள் முதல் வியாழன் வரை காலையில் போங்கள். வண்டி எப்போது மக்கர் பண்ணுகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள், பாய் முதலில் கேட்பது அதைத்தான். முன்னால் மாற்றிய பார்ட்டுகளின் பில் இருந்தால் எடுத்துப் போங்கள். ராத்திரி வண்டியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கலாம், திரும்பி வர வழி பார்த்துக்கொள்ளுங்கள், கொணவட்டம் ஸ்டாப்பிங்கில் எட்டு மணிக்கு மேல் டவுன் பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது.